சொல்லாமல் விட்டதன் பொருள்

பதிவேடு ஒன்றில் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதன் பொருள் யாது? எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்பதா? எழுத வேண்டியது உண்டு, ஆனால் எழுதியவருக்குத் தெரியவில்லை என்பதா? தெரிந்திருந்தும் மறந்தோ சோம்பியோ விட்டுவிட்டார் என்பதா? இவை மூன்றும் வெவ்வேறு செய்திகள். தாளிலோ மூன்றும் ஒரே வெண்மையாகத்தான் காட்சியளிக்கின்றன.

இந்தக் கேள்வி நமக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸாவில் ஆசிரியப் பணி ஏற்றிருந்தோம். நமக்கு முன்னிருந்தவர் எழுதி வைத்த சேர்க்கைப் பதிவேடு நம் கைக்கு வந்தது. அதில் ஒரு சிறுவனின் பெயருக்கு நேரே தந்தையின் பெயர் இருந்தது. தந்தையின் தொழில், இருப்பிடம் என்ற கட்டங்களில் ஒன்றும் இல்லை. விடுபட்டுப் போயிற்று என்றே எண்ணினோம். அச்சிறுவன் இரு நாட்கள் பாடத்துக்கு வராதிருந்து மூன்றாம் நாள் வந்தபோது, வகுப்பில் எல்லாரும் இருக்க, "நாளை உன் வாப்பாவை அழைத்துக்கொண்டு வா" என்று சற்றுக் கடுமையாகவே கூறினோம். அவன் தலை கவிழ்ந்து நின்றான். பக்கத்திலிருந்த மாணவன்தான் மெல்லச் சொன்னான்: "ஹஜ்ரத், அவனுக்கு வாப்பா இல்லை."

அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் முகம் இருந்த நிலையை இன்றளவும் நம்மால் மறக்க இயலவில்லை. குற்றம் யாருடையது என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வெறுமையாக விட்டவருடையதா? வெறுமையைத் தம் விருப்பம்போல் வாசித்துக்கொண்ட நம்முடையதா? அக்கேள்விக்கு முடிவு காணாமலே காலம் சென்றுவிட்டது. சென்ற ஆண்டு பெருநாள் விடுமுறைக்கு வந்த நம் தங்கை மகன், தன்னையறியாமல் அதனை மீண்டும் நம் முன் கொண்டுவந்து வைத்தான்.

அவன் சென்னையில் கணினி நிரல் எழுதும் தொழிலில் இருப்பவன். விருந்து முடிந்து எல்லாரும் ஓய்ந்திருந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். திரையெங்கும் மஞ்சள் நிற முக்கோணங்கள். "என்ன தம்பி அது?" என்று வினவினோம். "ஒரே ஒரு சொல்லைத்தான் மாமா புதிதாகச் சேர்த்தேன். நானூறு எச்சரிக்கை வந்துவிட்டது" என்றான்.

ஒரு சொல்லுக்கு நானூறு எச்சரிக்கை என்றால் அந்தச் சொல் எத்தகையது என்று அறியும் ஆவல் நமக்கு உண்டாயிற்று. அவன் விளக்கியதையும், பின்னர் நாம் வாசித்தும் வினவியும் தெரிந்துகொண்டதையும் வாசக நேயர்களுக்குத் தொழில் நுணுக்கம் தவிர்த்து இங்கே சொல்ல முயல்கிறோம்.

கணினியின் நினைவகத்தில் ஒரு பொருள் வைக்கப்பட்டிருந்தால், அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு குறி உண்டு. அதனைத் தமிழில் 'சுட்டி' என்கிறார்கள், நல்ல சொல். அரபு இலக்கணத்தில் 'இஸ்முல் இஷாரா' என்று நாம் ஓதிய சுட்டுப்பெயரைப் போல, அது தான் பொருளாக இராமல் பொருளைக் காட்டி நிற்பது. சில வேளைகளில் சுட்டி எதனையும் சுட்டாமல் இருக்கவும் வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் தம் முகவரியைத் தரவில்லை என்றால் முகவரிச் சுட்டி எதைச் சுட்டும்? அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்தால் 'நல்' என்றாகும். நன்மையைக் குறிக்கும் அழகிய சொல்லை இதற்குக் கொடுக்க நமக்கு மனமில்லை. 'இன்மை' என்றே சொல்வோம்.

சுட்டியில் இன்மையை முதன்முதலில் ஒரு கணினி மொழியில் புகுத்தியவர் டோனி ஹோர் என்னும் ஆங்கிலேயர். அவர் 1934இல் கொழும்பில் பிறந்தவர் என்பது நம்மவர்க்குச் சற்று வியப்பளிக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது கணிதமன்று. லத்தீனும் கிரேக்கமும் தத்துவமும். 1965இல் 'ஆல்கால் டபிள்யூ' என்னும் கணினி மொழியை வகுக்கும் பணியில் இருந்தபோது, எந்தச் சுட்டியும் எதையும் சுட்டாமல் இருக்கலாம் என்ற வசதியைச் சேர்த்தார். செய்வதற்கு மிக எளிதாக இருந்தது, ஆசையை அடக்க முடியவில்லை என்பதே அதற்கு அவர் பிற்காலத்தில் கூறிய காரணம். 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அதனைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே அழைத்தார். நாற்பதாண்டுக் காலத்தில் அதனால் உலகில் நேர்ந்த பிழைகளுக்கும் சேதங்களுக்கும் அவர் இட்ட மதிப்பு அது. தாம் செய்த ஒன்றைத் தவறென்று மேடையேறிச் சொல்லும் அறிஞர்கள் நமக்குள்ளும் பெருக வேண்டும், அது நிற்க.

அவருடைய தவறு எது? இன்மை என்ற ஒன்று உலகில் இருக்கத்தான் செய்கிறது. தந்தையில்லாத பிள்ளைகள் உண்டு. முகவரியில்லாத மனிதர்கள் உண்டு. இன்மையைக் குறிக்க ஓர் அடையாளம் வைத்ததில் பிழையேதும் இல்லை. எந்தச் சுட்டி இன்மையாக இருக்கக்கூடும், எது ஒருபோதும் அவ்வாறு இருக்காது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வழியில்லாமல், எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம் கொடுத்ததே பிழை. வெற்றுக் கட்டம் என்ன சொல்கிறதென்று தெரியாத பதிவேட்டின் நிலைதான் அது. நிரல் ஓடும்போது இல்லாத பொருளைத் தேடிச் செல்லும், இல்லாத தந்தையை அழைத்து வா என்று சொல்லும், அங்கே விழும்.

நம் தங்கை மகன் எழுதும் நிரல்கள் ஆப்பிள் கைப்பேசிகளுக்கானவை. அங்கே நெடுங்காலமாக வழங்கிய மொழி 'ஆப்ஜெக்டிவ்-சி' என்பது. 1980களின் தொடக்கத்தில் பிறந்தது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. இல்லாத பொருளிடம் ஓர் ஏவலைச் சொன்னால், அந்த மொழி சினப்பதில்லை, நிற்பதும் இல்லை. ஒன்றும் நிகழாமல், வெறுமையையே விடையாகத் தந்துவிட்டு மேலே செல்லும். இறந்தவருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, விடை வராததையும் கவனியாமல் அடுத்த வேலையைப் பார்ப்பவரைப் போல. இது இரக்கமா, அலட்சியமா என்பதில் அத்தொழிலில் இருப்போர் இன்றும் இருவேறு கருத்தினர். நம்மைக் கேட்டால் அலட்சியம் என்றே சொல்வோம்.

2014இல் அதே நிறுவனம் 'சுவிஃப்ட்' என்னும் புதிய மொழியை வெளியிட்டது. அது கண்டிப்பான மொழி. ஒரு பொருள் இல்லாமலும் போகலாம் என்றால் அதனை வகையிலேயே ஒரு வினாக்குறியிட்டுச் சொல்லியாக வேண்டும்; சொல்லிய பின், 'இல்லையென்றால் என்ன செய்வது' என்று கேட்டுவிட்டுத்தான் பொருளைத் தொட விடும். பழைய மொழியில் எழுதிக் குவித்த நிரல்கள் இலட்சக்கணக்கான வரிகள். புதிய மொழி அவற்றோடு பேசியாக வேண்டும். மெளனமாகவே வளர்ந்த அந்தப் பழைய சுட்டிகளை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அதற்காக 2015இல் பழைய மொழியிலேயே மூன்று குறிப்புச் சொற்களைச் சேர்த்தார்கள். ஒன்று, 'இன்மை கூடும்'. மற்றொன்று, 'இன்மை கூடாது'. மூன்றாவது, 'இன்மை பற்றிக் குறிப்பிடப்படவில்லை'. இக்குறிப்புகளால் நிரலின் ஓட்டத்தில் மாற்றம் ஏதும் இல்லை. அவை எழுதியவர் வாசிப்பவருக்குத் தரும் வாக்குறுதிகள். சாட்சியங்கள் என்றாலும் பொருந்தும். சுவிஃப்ட் மொழி அச்சாட்சியத்தை நம்பித்தான் தன் வேலையைச் செய்கிறது.

நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது 'கம்பைலர்' என்னும் கருவி. ஆப்பிள் உலகில் அதன் பெயர் 'கிளாங்'. மாற்றுவதோடு நில்லாமல் அது எழுத்தைச் சோதித்து எச்சரிக்கையும் செய்யும். இத்தகைய சோதனைக்கு 'லின்ட்' என்ற பெயர் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உண்டானது. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். துணி கிழியவில்லை, ஆனால் தட்டிவிட்டு உடுத்தினால் நல்லது என்பது கருத்து.

கிளாங் செய்யும் சோதனைகளில் ஒன்று நாம் சொல்ல வந்தது. ஒரு கோப்பில் உள்ள சுட்டிகள் எதற்குமே அம்மூன்று குறிப்புகளில் ஒன்றும் இடவில்லையென்றால் அச்சோதனை வாய் திறப்பதில்லை. பழைய காலத்துக் கோப்பு, யாரும் எதுவும் சொல்லவில்லை என்று விட்டுவிடும். ஆனால் அதே கோப்பில் ஒரே ஒரு சுட்டிக்கு ஒரு குறிப்பை நீங்கள் எழுதிவிட்டால், குறிப்பில்லாத மற்ற ஒவ்வொரு சுட்டியையும் காட்டி எச்சரிக்கும்: இதற்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை? 'கூடும்' என்றால் இதை எழுது, 'கூடாது' என்றால் அதை எழுது என்று திருத்தத்தையும் கையோடு நீட்டும். நம் மருமகன் சேர்த்த ஒரு சொல்லுக்கு நானூறு எச்சரிக்கை பிறந்த கதை இதுதான்.

"இது நியாயமா மாமா?" என்று கேட்டான். "ஒன்றுமே சொல்லாதவனை விட்டுவிடுகிறது. உண்மையில் ஒன்றையாவது சொன்னவனைப் பிடித்துக்கொள்கிறது. இதனால்தான் தெரிந்ததையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்."

கேள்வி கூர்மையானது. நாம் உடனே விடை கூறவில்லை. இரவு படுக்கையில் அது நம்மை விடவுமில்லை. விடை நாம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பிக்கும் அரபு எழுத்திலேயே இருப்பது மறுநாள் காலையில்தான் தோன்றிற்று.

அரபுச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்துகளுக்கு ஸபர், ஸேர், பேஷ் ஒன்றும் இராது. ஓர் எழுத்தின்மேல் குறியில்லை என்பதால் அதற்கு உயிரோசை இல்லை என்று எவரும் கொள்வதில்லை. அங்கே குறியின்மை எதனையும் சொல்லவில்லை. வாசிப்பவன் தன் இலக்கண அறிவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறான். இனித் தொடக்க வகுப்புக்கான பாடநூலைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் குறியுண்டு. உயிரோசை இல்லாத எழுத்துக்கும் ஒரு குறியுண்டு, அதுவே ஸுகூன். இன்மைக்கென்று தனியே ஓர் அடையாளம்! 'இங்கே உயிரில்லை, நான் மறந்துவிடவில்லை, பார்த்துத்தான் எழுதினேன்' என்று எழுதியவன் கைச்சாத்திட்டது போன்றது அந்தச் சிறு வட்டம். இக்குறிகளைச் செம்மைப்படுத்தித் தந்த பெருமை எட்டாம் நூற்றாண்டின் இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் அவர்களைச் சாரும்.

தமிழிலும் இதற்கு நேர் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இட வேண்டுமென்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆயினும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. 'கல' என்று கீறியிருந்தால் அது 'கல்'லா 'கல'வா என்று படிப்பவரே இடம் நோக்கித் தெளிய வேண்டும். சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. புள்ளியே இடாத சுவடியில் இந்தத் தொல்லை எல்லா எழுத்துக்கும் பொது. படிப்பவர் எச்சரிக்கையோடுதான் இருப்பார். ஆனால் ஒரு சுவடியில் சில மெய்களுக்குப் புள்ளி இட்டுச் சிலவற்றுக்கு இடாமல் விட்டிருந்தால்? புள்ளி கண்ட கண், புள்ளியில்லாததை உயிர்மெய் என்று துணிந்து படித்துவிடும். அரைகுறையாகக் குறியிட்ட ஏடு, குறியே இல்லாத ஏட்டைவிட அதிகமாக ஏமாற்றும்.

அரபு எழுத்தில் இது இன்னும் நுட்பமான இடத்தில் வருகிறது. மதீனாவில் அச்சிடப்படும் முஸ்ஹஃபில் உயிரோசையற்ற சில எழுத்துகளின்மேல் ஸுகூன்கூட இராது. அவ்வெழுத்து அடுத்த எழுத்தோடு இணைந்தோ மறைந்தோ ஒலிக்கும் என்பதற்கே அவ்வாறு விட்டிருக்கிறார்கள். மற்ற எல்லா எழுத்துக்கும் குறியிட்ட காரணத்தால், குறியில்லாமையும் அங்கே ஒரு குறியாகிவிட்டது.

ஆகவே பேசத் தொடங்கியவனுடைய மெளனமும் பேசவே தொடங்காதவனுடைய மெளனமும் ஒன்றல்ல. நம் சட்டக்கலை அறிஞர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மெளனமாக இருப்பவர்மீது ஒரு கூற்றை ஏற்றிச் சொல்லலாகாது என்ற விதி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுடையதாக வழங்குகிறது. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் 67ஆம் விதியில் இதற்கு ஒரு விலக்கும் சேர்ந்தே இருக்கிறது: பேச வேண்டிய தேவை உள்ள இடத்தில் மெளனம் காப்பது பேசியதாகவே கொள்ளப்படும். ஒருவர் தம் கடன்களைப் பற்றி யாரிடமும் ஒன்றுமே சொல்லாமல் இறந்துபோனால், அவருக்குக் கடனே இல்லை என்று எந்த வாரிசும் உறுதி கொள்வதில்லை, விசாரிப்பார்கள். அதே மனிதர் ஒரு தாளெடுத்து, இன்னாருக்கு இவ்வளவு, இன்னாருக்கு இவ்வளவு என்று மூன்று கடன்களை எழுதி வைத்து இறந்தால், நான்காவது கடன்காரர் வந்து நிற்கும்போது பிள்ளைகள் அவரைப் பொய்யர் என்பார்கள். பட்டியலில் விடுபட்டதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். மூன்றை எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் எழுதத் தொடங்கிய கணத்திலேயே எழுதாததற்கும் அவர் பொறுப்பாளியானார்.

இதனைச் சொன்னபோது மருமகன் பாதி இணங்கினான். "விதி சரிதான் மாமா. ஆனால் விதிக்கு அஞ்சி என்ன செய்கிறார்கள் தெரியுமா?" என்று தன் அனுபவம் ஒன்றைக் கூறினான்.

நானூறு சுட்டிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறிப்பெழுத நாள் பிடிக்கும். அதற்கொரு குறுக்குவழி உண்டு. கோப்பின் தலையில் ஒரு வரியும் காலில் ஒரு வரியும் எழுதிவிட்டால், இடையிலுள்ள குறிப்பில்லாத சாதாரணச் சுட்டிகள் அனைத்தும் 'இன்மை கூடாது' என்று கொள்ளப்படும். நேர்மையாகக் கையாண்டால் இது நல்ல வசதிதான். பெரும்பாலான சுட்டிகள் உண்மையில் இன்மையாக இருப்பதில்லை. விலக்கானவற்றை மட்டும் தேடிப் பிடித்துக் குறித்தால் போதும். ஆனால் தேடிப் பிடிக்க வேண்டுமே! அவன் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், மாலைக்குள் எச்சரிக்கைகள் நீங்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்ல, அவ்விரு வரிகளையும் எழுதி முடித்து வீட்டுக்குச் சென்றார்களாம். மஞ்சள் முக்கோணங்கள் அனைத்தும் மறைந்தன. கம்பைலர் மெளனமானது. ஒரு கோப்பையும் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நானூறு வாக்குறுதிகள் மட்டும் வழங்கப்பட்டுவிட்டன.

சில மாதங்களுக்குப் பின், முகவரி பதியாத வாடிக்கையாளர்களின் கைப்பேசியில் மட்டும் அந்தச் செயலி திறந்தவுடன் விழத் தொடங்கியது. முகவரியைத் தரும் பழைய நிரல், முகவரி இல்லாதவர்க்கு இன்மையைத் தந்துகொண்டிருந்தது. 'இன்மை கூடாது' என்ற சாட்சியத்தை நம்பிய புதிய நிரல் அதனைச் சோதிக்கவில்லை. எங்கே பிழையென்று கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின என்றான். எல்லாரும் புதிய நிரலையே துருவிக்கொண்டிருந்தார்களாம். குறிப்பிட்டுச் சொல்லியிருக்கும் இடத்தில் யார் சந்தேகப்படுவார்கள்?

இங்கேதான் நமக்கு இச்சோதனையின் எல்லை விளங்கிற்று. நீ பேசினாயா என்றுதான் அது கேட்கிறது. உண்மை பேசினாயா என்று கேட்கும் ஆற்றல் அதற்கில்லை. வருகைப் பதிவேட்டில் கட்டங்கள் அனைத்தும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வாளர் நமக்குப் பழக்கமானவர்தாம். அவர் வரும் நாளில் நிரம்பாத கட்டமே இராது! நிரப்பியவர் யார், எப்போது நிரப்பினார் என்பது வேறு கதை.

மதரஸாவில் தர்க்கம் ஓதியவர்கள் அறியாமையின் இரு வகையை நினைவில் வைத்திருப்பார்கள். தனக்குத் தெரியாது என்று தெரிந்தவனின் அறியாமை 'ஜஹ்ல் பஸீத்', எளிய அறியாமை. தெரியாததோடு, தெரியும் என்றும் எண்ணிக்கொண்டிருப்பவனுடையது 'ஜஹ்ல் முரக்கப்'; கூட்டறியாமை. முதலாவதற்கு மருந்து எளிது, கேட்டால் தெரிந்துகொள்வான். குறிப்பே இல்லாத பழைய கோப்பு முதல் வகை. அதை எடுத்தாளும் நிரலர், எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு சோதனையை இட்டு வைப்பார். ஆராயாமல் 'கூடாது' என்று முத்திரை குத்திய கோப்பு இரண்டாம் வகை. அது தன் அறியாமையைப் பிறருக்கும் உறுதியென்று கொடுக்கிறது. எச்சரிக்கையை நீக்கும் பரபரப்பில் முதல் வகையை இரண்டாம் வகையாக்கிவிட்டு, கோப்பு திருந்திவிட்டதென்று மகிழ்ந்தார்கள்.

அப்படியானால் நேரமில்லாதவர் என்ன செய்வது? அதற்குத்தான் அம்மூன்றாம் குறிப்பு இருக்கிறது, 'குறிப்பிடப்படவில்லை' என்பது. அதனை எழுதினாலும் எச்சரிக்கை நீங்கிவிடும். சோதனை அதனையும் ஒரு விடையாக ஏற்கிறது. இதனை அறிந்தபோது அச்சோதனையை வகுத்தவர்கள்மீது நமக்கு மதிப்பு மிகுந்தது. தெரியாது என்று சொல்ல இடம் கொடுக்காத கேள்வி, கேட்கப்படுபவனைப் பொய்யனாக்கும். இவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் போய் நிற்கத்தான் ஆளில்லை. மருமகனிடம் கேட்டோம்: "அந்த மூன்றாம் சொல்லை எழுதியிருக்கலாமே?" சிரித்தான். "அதை எழுதினால் வேலை தெரியாதவன் என்பார்கள் மாமா." மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில் 'இதை நான் ஆராயவில்லை' என்று கையொப்பமிட யாருக்கும் துணிவில்லை. 'தெரியாது' என்று சொல்வதையே அறிவின் ஒரு பகுதியாகப் போற்றிய இமாம்களின் நூல்களை ஓதும் நாமும் இதில் பெரிதும் மேலானவர்கள் அல்லர். ஊரில் ஒருவர் மஸ்அலா கேட்டால் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல நமக்கும் நாவு எளிதில் வருவதில்லை.

மற்ற மொழிக்காரர்களும் இதே வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள். சி ஷார்ப் மொழி 2019இலும், டார்ட் மொழி 2021இலும் இன்மையை வகையிலேயே சொல்லும் முறையை ஏற்றன. கோட்லின் தொடக்கத்திலிருந்தே அவ்வாறு. ஜாவா உலகில் ஆளுக்கொரு குறிப்பாக எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்கு செய்ய 'ஜேஸ்பெசிஃபை' என்ற பொதுக் குறிப்புத் தொகுதி 2024இல் முதற்பதிப்பாக வெளியாயிற்று. எல்லாரும் பழைய மெளனத்துக்கு ஒரு தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று என்பது கருதத்தக்கது. சி ஷார்ப் மொழியார் அதற்கு வைத்த ஆங்கிலப் பெயருக்கு 'கவனமற்ற நிலை' என்று பொருள். நாம் 'கஃப்லத்' என்போமே, அதுதான்.

இவையெல்லாம் நிரலர்களின் உட்பூசல், நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். 2025 ஜூன் 12 அன்று கூகுள் நிறுவனத்தின் கணினிச் சேவைகளும் அவற்றை நம்பியிருந்த பல இணையச் சேவைகளும் உலகெங்கும் பல மணி நேரம் முடங்கின. காரணத்தை அந்நிறுவனமே வெளியிட்டது. மே 29 அன்று புதிய நிரல்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. ஜூன் 12 அன்று பதியப்பட்ட விதித் தரவு ஒன்றில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்தத் தரவு சில வினாடிகளில் உலகின் எல்லா மையங்களுக்கும் பரவியது. கட்டம் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று புதிய நிரல்பகுதியில் சொல்லி வைக்கப்படவில்லை. அது இல்லாத பொருளைத் தேடிச் சென்று விழுந்தது. எழுந்து மீண்டும் விழுந்தது. சில வெற்றுக் கட்டங்கள்! அன்று அந்தச் சேவைகளை நம்பித் தொழில் நடத்தியவர்கள் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு இருந்திருப்பார்கள்! அவர்களில் எவரும் அந்தக் கட்டங்களைக் கண்டவர்களல்லர்.

மருமகன் சென்னைக்குத் திரும்பும் முன் அந்த நானூறில் ஏறத்தாழ நூற்றைப் பார்த்து முடித்திருந்தான். தெரிந்தவற்றுக்கு 'கூடும்', 'கூடாது' என்று எழுதினான். மற்றவற்றுக்கு மூன்றாம் சொல்லை எழுதினான். "கேட்டால் என்ன சொல்வாய்?" என்றோம். "இன்னும் பார்க்கவில்லை என்று சொல்வேன் மாமா" என்றான். அதன்பின் அவனுடைய அலுவலகத்தில் என்ன கேட்டார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை.

அவன் போன பின் நமக்குப் பழைய பதிவேடே நினைவாக இருந்தது. அச்சிறுவனின் நிகழ்ச்சி நடந்த அன்று மாலையே அதனை எடுத்து வைத்துக்கொண்டு தாள் தாளாகப் புரட்டினோம். மேலும் 9 பிள்ளைகளின் பெயருக்கு நேரே அக்கட்டம் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் அஸருக்குப் பின் வீடு வீடாகச் சென்றோம். ஐவரின் தந்தையர் ஊரிலேயே இருந்தார்கள். எழுதியவர் கேட்க மறந்திருக்கிறார், அவ்வளவே. மூவரின் தந்தையர் காலமாகியிருந்தார்கள். அவ்வாறே எழுதினோம், எழுதும்போது கை சற்றுத் தயங்கியது.

ஒன்பதாவது வீட்டில் ஒரு தாய் கதவுக்கு உள்ளே நின்று பேசினார். கணவர் கப்பல் வேலைக்குச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு கடிதம் வந்தது, பின்னர் வரவில்லை. விசாரித்த இடங்களிலும் விடையில்லை. காணாமற்போனவரை நம் சட்டநூல்கள் 'மஃப்கூத்' என்று தனிப் பெயரிட்டுப் பேசும். அவருடைய சொத்தைப் பங்கிடலாகாது, அவ்வகையில் உயிரோடிருப்பவர். பிறருடைய சொத்தில் அவருக்கு வரக்கூடிய பங்கோ நிறுத்தி வைக்கப்படும். எத்தனை காலம் காத்திருப்பது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அவரை இருப்பவர் என்றோ இறந்தவர் என்றோ தாமாக முடிவு செய்ய எவருக்கும் உரிமையில்லை என்பதில் வேறுபாடில்லை. இவற்றையெல்லாம் நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அந்தக் கதவுக்கு முன் பேனாவைத் திறந்து நின்றபோதுதான் அந்தப் பாடத்தின் கனம் தெரிந்தது.

"என்ன எழுதுவீர்கள் ஹஜ்ரத்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

'தகவல் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் இட்டோம். வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினோம். "சரி" என்று சொல்லி உள்ளே போனார். மறு ஆண்டு சேர்க்கையின்போது மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்று விசாரித்து, அதே கட்டத்தில், முன்பு எழுதியதன் கீழே, அதே சொற்களைப் புதிய தேதியோடு எழுதினோம்.